மணலும் காற்றும் மின் மோட்டாரும்

கற்பிட்டித் தீபகற்பத்திலே மேடென்று சொல்லத்தக்க மேடு கிடையாது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்குமிடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். ஆலங்குடாவில் நின்று நோக்குவோர்க்கு உயரமாகத் தோன்றுவன தென்னைகளும், நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியும், காற்றாலைக் கம்பங்களுமேயாம். இத்தகைய ஊரிலே துவிச்சக்கர வண்டிக்கு மோட்டார் எதற்கு என்று வெளியூர் அன்பர் எவரேனும் வினவக்கூடும். வைகாசி பிறந்து தென்மேற்குக் காற்று எழுந்த பின்னர், ஒரு மூடை மிளகாயைப் பின்னாற் கட்டிக்கொண்டு, ஆலங்குடாவிலிருந்து நுரைச்சோலைப் பக்கமாக அவர் ஒருமுறை மிதித்துப் பார்ப்பாராயின், அவ்வினாவை மறுமுறை எழுப்பமாட்டார்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நம் குடும்பங்களில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஆனி மாதத்திலே 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவைத் தொட்டது. அவ்விலை கொடுக்கச் சித்தமாயிருந்தோருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. இரவு பகலாக வரிசையில் நின்ற மக்கள் ஈற்றில் வீட்டின் பின்புறத்தே துருவேறிக் கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்தெடுத்தனர். வரிசைகள் மறைந்துவிட்டன. எனினும் அன்று கற்ற பாடம் மறையவில்லை. மின்சாரத் துணையுடன் ஓடும் துவிச்சக்கர வண்டி இன்று பல வீடுகளில் ஆலோசனைக்குரிய பொருளாகிவிட்டது. வெளிநாட்டிலே உழைக்கும் பிள்ளை பணம் அனுப்புகின்றான். தந்தையார் ஒருநாள் வண்டி வேண்டும் என்கிறார், மறுநாள் வேண்டாம் என்கிறார். தாயார் விலையைக் கேட்டுத் திகைக்கிறார். "மோட்டார் சில்லில் இருக்கும் வண்டி நல்லதா, மிதியிடத்தில் இருக்கும் வண்டி நல்லதா? அவற்றுள்ளும் எந்தக் கம்பனியினது சிறந்தது?" என்பதே எமக்கு வரும் வினாக்களின் சாரம். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இவ்வினாவிலே தங்கியிருக்கின்றது. ஆதலால் இவ்வாரம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இருவகை அமைப்பு

மாட்டுவண்டிச் சில்லின் நடுப்பகுதியைக் குடம் என்பது நம்மவர் வழக்கு. மின் வண்டிகளுள் ஒருவகையில் மோட்டார் அக்குடத்தினுள்ளேயே அமைந்திருக்கும். இதனை நாம் குட மோட்டார் எனலாம். கடைக்காரர் 'ஹப் மோட்டார்' என்பர். இது சில்லை நேரே சுழற்றும். சங்கிலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மற்ற வகையில் மோட்டார் மிதிதண்டுகள் பொருந்தும் அச்சினிடத்தே அமைந்திருக்கும். கடைக்காரர் 'மிட் டிறைவ்' என்று கூறும் இதனை நாம் மிதியச்சு மோட்டார் என்போம். இது சில்லைத் தொடுவதேயில்லை. நமது கால் எச்சங்கிலியை இழுக்கின்றதோ அச்சங்கிலியையே இதுவும் இழுக்கின்றது. பின்சில்லில் உள்ள பற்சக்கரங்களின் வழியாகவே இதன் வலு நிலத்தைச் சேர்கின்றது.

இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே நன்மை தீமை அனைத்தும் பிறக்கின்றன. எந்த மோட்டாருக்கும் தனக்கு இசைவான ஒரு சுழற்சி வேகம் உண்டு. அவ்வேகத்திற் சுழலும்போது மின்சாரத்தின் பெரும்பகுதியை அது வேலையாக மாற்றும். வேகம் மிகக் குறைந்தாலோ அம்மின்சாரம் வெப்பமாக வீணாகும். மணல் ஒழுங்கையில் வண்டியின் வேகம் மணிக்கு ஆறேழு கிலோமீற்றராகக் குறையும்பொழுது, குட மோட்டாரும் சில்லோடு சேர்ந்து தளர்ந்து சுழன்று சூடேறும். மிதியச்சு மோட்டாருக்கோ அந்த இக்கட்டு இல்லை. ஓட்டுநர் பின்னுள்ள பெரிய பற்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றிவிட்டால், வண்டி மெல்லச் செல்லினும் மோட்டார் தன் இசைவான வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். மலைநாட்டு ஏற்றங்களுக்கு இவ்வகை ஏற்றதெனக் கூறப்படுவதன் காரணம் இதுவே.

மேடில்லாத ஊரில் ஒரு மேடு

அப்படியாயின் மலையில்லாத ஆலங்குடாவுக்கு இது வேண்டுவதில்லை என்று முடிவுகட்டலாமோ? அவசரம் வேண்டாம். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம்.

காற்றில்லாப் பொழுதில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர்மீது மோதும் காற்றின் வேகமும் 15 கிலோமீற்றரே. எதிரே 25 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசுமாயின் அவர்மீது மோதும் வேகம் 40 ஆகின்றது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதாதலின், முன்னிருந்த தடை ஏழு மடங்காகின்றது. நிமிர்ந்திருந்து ஓட்டும் ஒருவருக்கு இது ஏறக்குறைய 45 நியூற்றன் விசை. ஆளும் வண்டியும் சுமையும் கூடி 100 கிலோகிராம் என்று கொண்டால், நூறு மீற்றர் தூரத்தில் நான்கு மீற்றருக்கு மேல் உயரும் சாய்விலே ஏறுவதற்கு இது ஒப்பாகும். இத்தடையை வென்று அதே 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதற்கு, காற்றுக்கு மட்டுமே 185 வாற்று வலு செலவாகின்றது. சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் நெடுநேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலுவோ 100 வாற்று அளவினது. எஞ்சியதை யார் கொடுப்பது?

ஆகவே கற்பிட்டிக் கரையிலே மேடு இல்லாமலில்லை. அது கண்ணுக்குத் தெரியாத மேடாகக் காற்றிலே இருக்கின்றது. மலைநாட்டு மேட்டுக்கு ஒரு முடிவுண்டு. அதன் மறுபக்கத்தே இறக்கமும் உண்டு. இங்கே தென்மேற்குக் காற்றின் மாதங்களில் கற்பிட்டி நோக்கி வடக்கே செல்பவரை முதுகிற் பிடித்துத் தள்ளும் காற்று, அவர் திரும்பி வருகையில் வழிநெடுக முகத்தில் அறையும். பட்டம் கட்டி அலைமேற் சறுக்கி விளையாட வெளிநாட்டார் இக்கரைக்கு வருவதும், மாம்புரிப் பக்கத்தே 2010 ஆம் ஆண்டு முதலாகக் காற்றாலைகள் சுழல்வதும் இந்தக் காற்றை நம்பித்தான். அவர்களுக்கு வரமாக அமைந்தது மிதிப்பவருக்குச் சுமையாகின்றது. இதனோடு தோட்டங்களுக்குச் செல்லும் மணல் ஒழுங்கைகளையும் சேர்த்துக்கொள்க. ரயர் புதையும் மணலிலே உருளும் தடை தார் வீதியிலும் பன்மடங்கு. எனவே மிதியச்சு மோட்டாருக்கு இவ்வூரிலும் வேலையுண்டு.

ஆனால் ஒரு நிபந்தனை. வண்டியிலே பல கியர்கள் இருத்தல் வேண்டும். நம் ஊர்களில் ஓடும் பழைய வண்டிகள் பெரும்பாலும் ஒற்றைப் பற்சக்கரம் உடையவை. அவற்றிலே மிதியச்சு மோட்டாரைப் பூட்டினால், அதன் தலையாய நன்மையை இழந்து தீமைகளை மட்டும் விலைக்கு வாங்கியவராவோம்.

உலகச் சந்தையிலுள்ளவை

காலின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்பத் துணைசெய்யும் வண்டியை முதலிற் சந்தைக்குக் கொணர்ந்தவர் யப்பானியர். 1993 ஆம் ஆண்டிலே யமஹா நிறுவனம் 'பாஸ்' என்னும் வண்டியை வெளியிட்டது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 2010 ஆம் ஆண்டளவில் இத்துறையிற் புகுந்து, ஐரோப்பியச் சந்தையில் முன்னணிக்கு வந்தது. துவிச்சக்கர வண்டிக் கியர்களால் உலகறிந்த யப்பானின் சிமானோவும் பின்னர் இணைந்துகொண்டது.

இவற்றின் தரத்தைக் கூறும்போது விளம்பரங்கள் முறுக்கு விசையை நியூற்றன் மீற்றர் என்னும் அலகிலே குறிப்பிடும். இவ்வலகு நம் வாசகர்க்கு வெறும் எண்ணாகத் தோன்றாதிருக்க ஓர் ஒப்பீடு சொல்வோம். எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், முன்நோக்கிக் கிடையாக நிற்கும் மிதியின்மேல் தம் முழு நிறையையும் ஊன்றி நின்றால், அச்சிலே ஏற்படும் முறுக்கு விசை ஏறத்தாழ 117 நியூற்றன் மீற்றர். இனி மோட்டார்களைப் பார்ப்போம். பொஷ் நிறுவனத்தின் நகர்ப்புறத்துக்கான 'அக்டிவ் லைன்' 40 நியூற்றன் மீற்றர் கொடுப்பது. மலைப்பாதைகளுக்கான 'பெர்போமன்ஸ் லைன் சீ.எக்ஸ்.' 85 கொடுப்பதாகப் பெயர்பெற்றது. சிமானோவின் நகர்ப்புற மோட்டாராகிய 'ஈ 6100' 60 கொடுக்கும். 2020 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஈ.பி. 8' 85 கொடுக்கும். பின்னையதன் நிறை 2.6 கிலோகிராம் மட்டுமே. இவை யாவும் நுட்பத்திற் சிறந்தவை, ஓசை குறைந்தவை. ஆனால் தமக்கென வார்த்தெடுத்த சட்டத்திலேயே பொருந்துபவை. வீட்டிலுள்ள வண்டியிலே இவற்றைப் பூட்ட முடியாது.

பூட்டத்தக்கவை சீனத்திலிருந்து வருகின்றன. பஃபாங் நிறுவனத்தின் 'பி.பி.எஸ்.' வரிசையும், ரொங்ஷெங் நிறுவனத்தின் 'ரி.எஸ்.டி.இசட். 2' என்பதும் அவற்றுட் பிரசித்தமானவை. மிதியச்சு நுழையும் குழலின் அகலம் 68 முதல் 73 மில்லிமீற்றர் வரை உள்ள சாதாரணச் சட்டத்திலே, பழைய அச்சைக் கழற்றிவிட்டு இவற்றை நுழைக்கலாம். நிறை பெரும்பாலும் நான்கு கிலோகிராம் அளவாகும். பஃபாங் வரிசையில் வலியதாகிய 'எச்.டி.' என்பது 160 நியூற்றன் மீற்றர் கொடுக்கவல்லது. ரொங்ஷெங் 80 என்பர்.

எண்ணை மட்டும் நோக்குவோர் 160 என்றதும் மயங்கிவிடுவர். அதனைத் தாங்கவேண்டியது யாது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஒரு மனிதனின் காலுக்காகச் செய்யப்பட்ட மெல்லிய சங்கிலியே அவ்வலு முழுவதையும் தாங்குகின்றது. குட மோட்டார் வண்டியிலே சங்கிலி சுமப்பது கால்வலுவை மட்டும். மிதியச்சு மோட்டார் வண்டியிலோ காலும் மோட்டாரும் கூடிய வலுவைச் சுமக்கின்றது. அச்சங்கிலியின் மீது ஆலங்குடாவின் நுண்மணல் எண்ணெயோடு குழைந்து அப்பிக்கொண்டால், அஃது அரந்தீட்டும் பசையாகிவிடும். கடலின் உப்புக்காற்று வேறு அதனைத் துருப்பிடிக்கச் செய்யும். வலு பெரிதாகப் பெரிதாகச் சங்கிலியின் ஆயுள் சிறிதாகும் என்பதை மறக்கலாகாது.

காலறிந்து துணைசெய்வது எது?

விலைச்சீட்டில் முன்னே நில்லாத இன்னொரு வேறுபாடு உண்டு. ஓட்டுநர் மிதிக்கின்றார் என்பதை மோட்டார் எவ்வாறு அறிகின்றது என்பதே அது. பஃபாங் 'பி.பி.எஸ்.' வரிசையில் இருப்பது சுற்று உணரி. மிதி சுழல்கின்றதா என்பதை மட்டும் அது அறியும். கால் மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் குறித்து வைத்த அளவு வலுவையே மோட்டார் கொடுக்கும். யமஹா, பொஷ், சிமானோ ஆகியவற்றிலும் ரொங்ஷெங்கிலும் இருப்பது முறுக்கு உணரி. கால் எவ்வளவு அழுத்துகின்றதோ அதற்கு ஏற்ற விகிதத்திலே துணை கிடைக்கும்.

மணலிலே இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். சுற்று உணரி உள்ள வண்டி, மிதி சற்றே திரும்பியதும் திடீரெனப் பாயும். பின்சில்லு மணலிலே குழி தோண்டிக்கொண்டு நின்றுவிடும். முறுக்கு உணரி உள்ளது காலோடு இணங்கி மெல்லத் தொடங்கும். பற்றரியும் நெடுநேரம் நிற்கும். ஓட்டுநர் தம் பங்கு உழைப்பைக் கொடுத்தாலன்றி அது கொடுப்பதில்லை அல்லவா? இருப்பினும் முழங்கால் வலியுள்ள முதியோருக்குச் சுற்று உணரியே இதமானது. அவர்கள் காலை அழுத்த வேண்டியதில்லை. சும்மா சுழற்றினாற் போதும். வண்டி எவருக்காக வாங்கப்படுகின்றதோ அவரது முழங்காலைக் கேட்டு முடிவு செய்வது நலம்.

திருத்துவார் யார்?

நாம் அறிந்த ஆசிரியர் ஒருவருக்கு, கடல் கடந்து வாழும் அவருடைய மைத்துனர் விலையுயர்ந்த மிதியச்சு மோட்டார் வண்டியொன்றை அனுப்பிவைத்தார். ஓராண்டு காலம் அது தேர்போல ஓடியது. பின்னர் ஒருநாள் அதன் சிறு திரை இருண்டுவிட்டது. ஊர்ச் சைக்கிள் கடை நானா கைதேர்ந்தவர். தேய்ந்த குண்டுகளை விரலால் தடவியே இனங்காண்பவர். அவரும் அந்த மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சேர், இதுக்குத் திறக்கிற வாசலே இல்லை" என்று கையை விரித்துவிட்டார். அதனைப் பரிசோதிக்க அக்கம்பனியின் கணினி வேண்டும். அஃது உள்ளவர் இந்நாட்டில் எங்கிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதங்கள் அவ்வண்டி விறாந்தையிலே துணி போர்த்தபடி நின்றது. ஆசிரியர் பழையபடி பஸ்ஸிலே வந்தார்.

இது தனியொரு வண்டியின் குறையன்று. ஐரோப்பியச் சந்தைக்கான மோட்டார்கள் பெரும்பாலும் மூடிய அமைப்பினவை. மோட்டாரும் பற்றரியும் திரையும் ஒன்றையொன்று அடையாளங்கண்டே இயங்கும். வேறொருவர் செய்த பற்றரியை ஏற்கமாட்டா. உள்ளே பழுது நேர்ந்தால் உறுப்பைத் திருத்துவதன்றி மோட்டார் முழுவதையும் மாற்றிக் கொடுப்பதே பொதுவான வழக்கம். முகவர் அடுத்த தெருவில் இருக்கும் நாட்டிலே இது பெரும் வசதி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். முகவர் இல்லாத கரையோரத்திலே அதுவே பெருந்தடை.

மேற்கூறிய சீன மோட்டார்களோ அத்துணை நயமானவையல்ல. அவற்றுள்ளே நைலோன் பற்சக்கரம் ஒன்றுண்டு. அதிக சுமை ஏற்றினால் முதலில் தேய்வது அதுதான். ஆனால் மூடியின் ஆணிகளைக் கழற்றி அதனைத் தனியே மாற்றலாம். கட்டுப்படுத்தி, உணரி, மின்கம்பி ஆகியவையும் தனித்தனியே விற்பனைக்கு உண்டு. நிதானமுள்ள ஒரு சைக்கிள் கடைக்காரர் இரண்டு முறை திறந்து பார்த்தால், மூன்றாம் முறை தாமே திருத்திவிடுவார். நயத்திற் குறைந்ததாயினும் ஊரிலே உயிர்ப்பிக்கத்தக்க மோட்டார், நயத்தில் மிகுந்ததாயினும் உயிர்ப்பிக்க முடியாத மோட்டாரினும் மேலானது என்பது எமது துணிபு.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்றோர் அதிகாரம் வகுத்ததோடு நின்றாரல்லர். அதனை அடுத்துக் காலமறிதலையும், அதனை அடுத்து இடனறிதலையும் வைத்தார். விளம்பரத் தாள்கள் வலியை மட்டும் அறிவிக்கின்றன. காலத்தையும் இடத்தையும் வாங்குபவரே அறிந்துகொள்ளல் வேண்டும்.

எவருக்கு எது?

தார் வீதியிலே பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ சுமையின்றிச் சென்று வருவோருக்குக் குட மோட்டாரே போதும். விலை குறைவு, சங்கிலிக்குத் தேய்வில்லை, ஒற்றைப் பற்சக்கர வண்டிக்கும் பொருந்தும். காற்றை எதிர்த்துச் சுமையோடு, மணல் ஒழுங்கைகளிலும் செல்வோர், தம் வண்டியிலே கியர்கள் இருக்குமாயின், 50 முதல் 80 நியூற்றன் மீற்றர் வரையுள்ள, முறுக்கு உணரி கொண்ட, திறந்து திருத்தத்தக்க மிதியச்சு மோட்டாரைத் தெரிவு செய்யலாம். மூடிய அமைப்பிலான உயர்ரக வண்டியை, அதன் முகவர் எட்டிய தூரத்தில் இருக்கின்றார் என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே வாங்குதல் வேண்டும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும், 250 வாற்றுக்கும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் உட்பட்டதே சாதாரணத் துவிச்சக்கர வண்டியாகக் கொள்ளப்படுகின்றது. வலுமிக்க மோட்டாரை விரும்புவோர், பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் முன்னரே விசாரித்துக்கொள்வது நன்று.

பேணும் முறை

சங்கிலியை வாரந்தோறும் உலர்ந்த துணியாலும் பழைய பற்றூரிகையாலும் துடைத்த பின்னரே எண்ணெயிடல் வேண்டும். மணலின்மேல் எண்ணெயிடுவது மணலுக்கு உதவி செய்வதேயாகும். அதன் தேய்வை அறியப் பிள்ளைகளின் அடிமட்டமே போதும். புதிய சங்கிலியிலே ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்து நான்காம் ஆணியின் நடுவரை சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். அது பன்னிரண்டேகால் அங்குலத்தை எட்டும்வரை காத்திருக்கலாகாது. அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு நீண்டதும் சங்கிலியை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் பற்சக்கரங்களும் கெட்டிருக்கும், செலவு பன்மடங்காகும். கியர் மாற்றும்போது கணப்பொழுது காலைத் தளர்த்துவது சங்கிலியின் ஆயுளை நீட்டும். கடலோர ஈரமணலில் வண்டியை ஓட்டாதிருப்பதும், உப்புப் படிந்தால் மெல்லிய நீர்த்துணியால் துடைப்பதும் நலம். விசைநீர் பீய்ச்சிக் கழுவினால் நீர் அச்சினுள்ளே புகும்.

பற்றரியைப் பொறுத்தவரை, 36 வோல்ற்று, 14 அம்பியர் மணி கொண்ட ஒன்றை முழுதாக ஏற்றுவதற்கு அரை அலகு மின்சாரத்துக்குச் சற்று மேலாகச் செலவாகும். வீட்டு மின்பட்டியலில் இது பெரும் தொகையன்று. ஆயினும் காற்றில்லா நாளில் 50 கிலோமீற்றர் ஓடும் பற்றரி, எதிர்க்காற்றிலே சுமையோடு பாதித் தூரத்திலே சோர்ந்துவிடுவது இயல்பு. கடைக்காரர் கூறும் தூரத்தை முழுதும் நம்பிப் புறப்படலாகாது. வெயிலில் ஓடிவந்த பற்றரியை ஆறவிட்டே மின்னேற்றுக. அதற்கென வந்த ஏற்றியையே பயன்படுத்துக. வீட்டார் உறங்கும் வேளையில், வெளியேறும் வாசலருகே, அதனை ஏற்றவைத்துவிட்டுப் படுக்கைக்குச் செல்லற்க.

வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்றே. உணரி எவ்வகையது? வேறொருவர் செய்த பற்றரியை ஏற்குமா? இதன் உள்ளுறுப்பு இலங்கையிலே எங்கே கிடைக்கும்? மூன்றாவது வினாவுக்கு அவர் ஒரு கடையின் பெயரைச் சொல்லாமல் வெறும் புன்னகையை மட்டும் விடையாகத் தருவாராயின், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புவது உத்தமம்.